ஏறக் காலைத் தூக்கினாலே என் குதிரை நகர்ந்துவிடுகிறாள்: அடிக்காமல் நிற்கப் பழக்க முடியுமா?

வேப்பநிழல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பல மாதமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 9 வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறாள். தங்கமான குணம். குளம்பைத் தூக்கச் சொன்னால் தூக்குவாள், குளிப்பாட்டினால் நிற்பாள், சின்னப் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து நடத்தினாலும் கூடவே போவாள். ஒரே ஒரு குறைதான், ஏறும்போது நிற்க மாட்டாள். மரப்படி போட்டு அதன் மேல் நான் நிற்கிறேன், அவளைப் பக்கத்தில் நிறுத்துகிறேன், சிலை மாதிரி நிற்கிறாள். இடது காலைச் சேணத்தில் தொங்கும் அங்கவடியில் வைத்து எடையைப் போட்டேனோ இல்லையோ, இரண்டு எட்டு முன்னால் போய்விடுகிறாள். ஒருமுறை அந்தரத்தில் தொங்கிக்கொண்டே நாலடி போயிருக்கிறேன்.

பழக்குபவர் ஒருவர் சொன்னார், நகர்ந்தால் உடனே சின்ன வட்டமாகச் சுற்றவை, மூச்சு வாங்கும்வரை விடாதே, படி பக்கத்தில் மட்டும்தான் ஓய்வு, நாலு நாளில் தானாகப் புரிந்துகொள்வாள் என்று. பத்து நாள் செய்தேன். இப்போது படியைப் பார்த்தாலே காதைப் பின்னால் மடக்குகிறாள், வாலை வீசுகிறாள், பக்கத்திலேயே வர மாட்டேன் என்கிறாள். அதாவது இருந்ததையும் கெடுத்துவிட்டேன்.

அடுத்தது சாட்டைதான் என்கிறார் அவர். எனக்கு மனசு வரவில்லை. பரிசு கொடுத்துப் பழக்கும் முறையைப் பற்றி இங்கே சிலர் எழுதியிருக்கிறீர்கள். 450 கிலோ மிருகத்துக்கு அது உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்லை நாய்க்கு மட்டும்தானா?

பழைய லாயக்காரன்

அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

கோபித்துக்கொள்ளாதே அம்மா, அடி என்று நான் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் குதிரைகளோடு இருக்கிறேன், சாட்டையால் தோலைத் தொட்டது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். ஆனால் தின்பண்டத்தைக் காட்டிக் காட்டி வளர்த்த குதிரைகளையும் பார்த்திருக்கிறேன். சட்டைப்பையைக் கடிக்கும், முட்டித் தள்ளும், கையில் ஒன்றும் இல்லையென்றால் திரும்பிக்கூடப் பார்க்காது. வழியில் ஒரு லாரி ஹாரன் அடித்து அது பாய்ந்தால் கேரட்டை நீட்டுவாயா? நில் என்றால் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

குளம்படி

வேப்பநிழல், வேலை செய்யும். நாயைவிடக் குதிரைக்கு மெதுவாகத்தான் செய்யவேண்டும், அவ்வளவே. லாயக்காரர் ஐயா சொல்கிற சட்டைப்பை கடிக்கும் குதிரைகளும் நிஜம்தான், அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அவை பரிசு கொடுத்துப் பழக்கப்பட்ட குதிரைகள் இல்லை, தீனியை நீட்டி ஏமாற்றப்பட்ட குதிரைகள். கேரட்டை முதலில் காட்டி வா வா என்று இழுப்பது ஆசைகாட்டல். குதிரை ஒன்றைச் செய்தபிறகு, செய்த அந்த நொடியை ஓர் ஒலியால் குறித்துவிட்டு, அப்புறம் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் பரிசு. தீனி கண்ணில் படுவதற்கு முன்பே வேலை முடிந்திருக்கவேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் பாதிப் பேர் முறையையே குறை சொல்கிறார்கள்.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. நல்ல விளைவு தரும் செயல் திரும்பத் திரும்ப வரும் என்று தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1898ல் பூனைகளைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தே எழுதிவிட்டார். ஸ்கின்னர் என்ற உளவியலாளரிடம் படித்த பிரெலண்ட் தம்பதி 1940களில் அதை ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே கொண்டுவந்து கோழி, பன்றி என்று பழக்கிக் காட்டினார்கள். 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கியபோது இது இன்னும் பிரபலமானது. தண்ணீருக்குள் நீந்துகிற டால்பினுக்குக் கயிறு கட்ட முடியாது, சாட்டையும் எட்டாது, பிடிக்கவில்லையென்றால் அது பாட்டுக்கு அடுத்த மூலைக்குப் போய்விடும். வேறு வழியே இல்லாத இடத்தில் வேலை செய்த முறை இது. நம் கையில் கயிறு இருக்கிறது என்பதால்தான் நாம் சோம்பேறியாகிவிட்டோம்.

அப்புறம் அந்த வட்டம் சுற்றும் வித்தை. அதை நிறுத்துங்கள். அவள் அதில் கற்றுக்கொண்டது "படி என்றால் வேதனை தொடங்கும் இடம்" என்பதைத்தான். ஓய்வு அங்கே கிடைக்கிறது என்று நாம் நினைக்கிறோம், அவளோ வேதனை அங்கிருந்துதான் புறப்படுகிறது என்று பார்க்கிறாள். இரண்டில் எது அவள் மனதில் நிற்கும் என்பது நம் கையில் இல்லை.

ஊசிமருந்து

கால்நடை மருத்துவர். எந்த முறை என்று சண்டை போடுவதற்கு முன்னால் ஒரே கேள்வி: சேணத்தை யாராவது பார்த்தார்களா?

வேப்பநிழல்

இல்லை... வாங்கும்போது அவளோடு சேர்ந்து வந்த சேணம்தான். சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஊசிமருந்து

முதலில் அதைப் பாருங்கள். ஏறும்போது மட்டும் நகர்கிறது, மற்ற நேரம் தங்கம் என்றால் என் மனம் முதலில் வலியைத்தான் தேடும். அங்கவடியில் எடை போடும்போது சேணம் இடதுபக்கம் இழுபடும், அதன் வலது பாதி முதுகெலும்பை நோக்கி அழுத்தும். கழுத்தும் முதுகும் சேரும் அந்த மேட்டில் ஏற்கெனவே புண்போல இருந்தால் அந்த ஒரு நொடி உயிர் போகும். தரையிலிருந்து தொற்றி ஏறுவதைவிடப் படி வைத்து ஏறுவது நல்லது என்பதே இதனால்தான்.

சேணம் இல்லாமல் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரல் நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்காவது தோல் துடிக்கிறதா, முதுகு குழிகிறதா, தலையைத் திருப்பி முறைக்கிறாளா என்று பாருங்கள். வாயையும் பார்க்கச் சொல்லுங்கள், பல்லில் கூர் ஏறியிருக்கலாம். இரைப்பைப் புண்ணும் ஒரு சந்தேகம்தான், வார் இறுக்கும்போது கடிக்க வருகிறாளா?

சவாரியில் வலி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க 24 அறிகுறிகள் கொண்ட ஒரு பட்டியலை 2018ல் வெளியிட்டார்கள், காதை மடக்குவது, வாலை வீசுவது, வாயைத் திரும்பத் திரும்பத் திறப்பது, கண் வெறித்து நிற்பது மாதிரி. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அதன் கணக்கு. நாம் "திமிர்" என்று பேர் வைத்திருக்கிற பாதி விஷயம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

வலியோடு இருக்கிற குதிரையை அடித்து நிறுத்தினாலும் தப்பு, கேரட் கொடுத்து நிறுத்தினாலும் தப்பு. இரண்டாவது பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

குளம்படி

கடைசி வரியை இந்தப் பகுதியின் தலையிலேயே ஒட்டிவைக்கலாம்.

புதுச்சவாரி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் கதை லாயக்காரர் ஐயா சொன்ன கதைதான். ஒரு மட்டக்குதிரை வைத்திருக்கிறேன். காணொளி பார்த்து, அழுத்தினால் கிளிக் என்று சத்தம் போடும் கிளிக்கர் என்ற சின்னக் கருவியை வாங்கி, கேரட் வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மூன்றே நாளில் இடுப்பில் ஒரு கடி, நீலம் பாரித்துவிட்டது. இப்போது நான் பை கட்டிக்கொண்டு போனாலே மூக்கால் இடித்து என்னைச் சுவரோடு ஒட்டுகிறான். பரிசுமுறையில் கண்டிக்கக் கூடாது என்கிறார்கள், அப்படியென்றால் என்னதான் செய்வது?

குளம்படி

வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள், முதல் வேலை அதுதான். அவன் உள்ளே, நீங்கள் வெளியே, நடுவில் மார்பளவு தடுப்பு. இடித்தால் இரண்டடி பின்னால் போய் நில்லுங்கள், திட்டவேண்டாம், முகத்தைக்கூடச் சுளிக்கவேண்டாம். அவன் குழம்பிப்போய் ஒரு கணம் தலையை நேராகவோ எதிர்ப்பக்கமோ திருப்புவான் பாருங்கள், அந்தக் கணத்தைக் குறித்துவிட்டுக் கொடுங்கள். கொடுக்கும்போது கையை உங்கள் பையின் பக்கத்தில் வைக்காமல், நீட்டி, அவன் தலை எங்கே இருக்கவேண்டுமோ அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். தீனி எப்போதும் உங்களிடமிருந்து விலகின இடத்தில்தான் வரும் என்று ஆகிவிட்டால், உங்களை நோக்கி மூக்கை நீட்டி அவனுக்கு ஆகப்போவது என்ன?

நான் எந்தக் குதிரையை எடுத்தாலும் முதல் ஒரு வாரம் இது மட்டும்தான். தலை நேராக, வாய் மூடி, என்னிடமிருந்து ஒரு கை தூரம். வேறு ஒன்றும் சொல்லித்தர மாட்டேன். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்களுக்குத்தான் நீலம் பாரிக்கிறது.

இன்னொன்று, கடித்தான் என்கிறீர்களே, அவனுக்கு உங்கள் கை தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. குதிரைக்குக் கிட்டத்தட்ட 350 பாகை பார்வை உண்டு, ஆனால் சொந்த மூக்குக்கு நேர் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. அங்கே உதடும் மீசை முடியும்தான் கண். தட்டையான உள்ளங்கையில் வையுங்கள், இல்லையென்றால் ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டுங்கள். விரல் நுனியில் பிடித்துக் கொடுப்பதும், கொடுப்பதுபோல் போய்ப் பின்னால் இழுப்பதும்தான் கடிக்கக் கற்றுக்கொடுக்கிறது. கேரட்டுக்குப் பதில் உலர்புல் உருண்டை வையுங்கள், சுவை கொஞ்சம் குறைவுதான், அதனால்தான் அவன் தலையும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும்.

ஊசிமருந்து

மட்டக்குதிரை என்றால் இனிப்பு கவனம். அவற்றுக்குச் சர்க்கரை ஏறிக் குளம்புக்குள் வீக்கம் வருவது சர்வசாதாரணம், வந்துவிட்டால் நடக்கவே முடியாது. பரிசாகக் கொடுப்பதை நாளின் தீனிக் கணக்கில் கழித்துவிடுங்கள்.

பசியோடு பழக்கினால் சீக்கிரம் கற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குதிரையின் இரைப்பை சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான், ஆனால் அமிலம் தின்றாலும் தின்னாவிட்டாலும் ஊறிக்கொண்டே இருக்கும். நாளில் 16 மணி நேரம் வரை மேய்வதற்காகவே படைக்கப்பட்ட வயிறு அது. பட்டினி போட்டுப் பழக்கினால் புண்தான் வரும், கூடவே தீனிமேல் வெறியும் வரும். முதலில் புல்லைப் போடுங்கள், வயிறு பாதி நிறைந்த குதிரைதான் நல்ல மாணவன்.

அரைவட்டம்

நான் தாண்டுதல் போட்டிக்குப் போகிறவன். தரையில் நின்று செய்கிற வரை எல்லாம் சரி. மேலே ஏறி உட்கார்ந்த பிறகு? ஒவ்வொரு தடவையும் கிளிக், நில், குனி, வாயில் வை என்று இருந்தால் நான் எப்போது சவாரி செய்வது? போட்டிக் களத்துக்குள் தீனிப் பையோடு போகவும் முடியாது.

குளம்படி

நியாயமான கேள்வி. புதிய பாடத்துக்குத்தான் ஒவ்வொரு முறையும் பரிசு. பாடம் பிடிபட்டபிறகு அஞ்சு எட்டுக்கு ஒன்று, அப்புறம் ஒரு சுற்றுக்கு ஒன்று, அப்புறம் மொத்தப் பாதைக்கும் முடிவில் ஒன்று என்று நீட்டிக்கொண்டே போகலாம். ஒலி கேட்டதும் குதிரை நிற்பது முதலில் தொந்தரவாகத் தெரியும். எனக்கோ அதுவே கூடுதல் இலாபமாகப் போயிற்று, துள்ளோட்டத்தில் பறக்கிற ஒரு குதிரை ஒரு சின்னச் சத்தத்துக்குத் தானாக நிற்கக் கற்றுக்கொள்கிறது, லகானை இழுக்காமல்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதுகில் உட்கார்ந்துவிட்டால் அழுத்தம் இல்லாத சவாரி என்று ஒன்று கிடையாது. காலை வைத்தால் அழுத்தம், லகானைத் தொட்டால் அழுத்தம். அழுத்தி, குதிரை பதில் சொன்ன நொடியில் விடுவதும் ஒரு கற்பித்தல் முறைதான், எதிர்மறை வலுவூட்டல் என்று பாடநூலில் பேர். அதைப் பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விடும் நேரம் தப்பினால் அது வெறும் தொந்தரவு. முதலில் இறகு போலத் தொட்டு, பதில் வந்ததும் விட்டு, அதற்கும் மேல் ஒரு பரிசையும் சேர்த்துக் கொடுத்தால் குதிரை அடுத்த முறை இன்னும் மெல்லிய தொடுகைக்கே பதில் சொல்கிறது. இரண்டையும் கலந்துதான் நான் செய்கிறேன், பரிசு மட்டுமே என்று விரதம் இருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

பழைய லாயக்காரன்

இப்போதுதான் உருப்படியாகப் பேசுகிறாய் தம்பி. அந்த "விடுகிற நேரம்" தான் கை என்பது. நாங்கள் அதற்குப் பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் லகானை நூலால் கட்டிக் கொடுப்பார், நூல் அறுந்தால் அன்றைக்கு இறங்கிவிடவேண்டும்.

ஆனால் தீனி எதற்கு என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. பிடரிக்குக் கீழே நாலு சொறி சொறிந்துவிட்டால் குதிரைக்குச் சொர்க்கம். உதட்டை நீட்டிக்கொண்டு கண் சொருகி நிற்கும்.

குளம்படி

சொறிவதில் உண்மை இருக்கிறது ஐயா. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் வருடிக்கொள்கிற அந்த இடத்தில் சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். அமைதிப்படுத்த அதைவிட நல்லது இல்லை. ஆனால் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்க எது உதவுகிறது என்று பிரான்சில் ரென் நகரப் பல்கலைக்கழகத்தில் 2010ல் சோதித்தபோது, சொறிவதைவிடத் தீனிதான் நன்றாக வேலை செய்தது. அதே குழு இன்னொன்றும் பார்த்தது, தீனி கொடுத்துப் பழக்கிய இளங்குதிரைகள் பல மாதம் கழித்தும் மனிதர்களைத் தேடி வந்தன. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். கற்றுக்கொண்டது மறந்தாலும் திரும்பக் கற்றுக்கொடுக்கலாம், மனிதன் என்றால் விலகு என்று ஒருமுறை பதிந்துவிட்டால் அழிக்க வருஷம் பிடிக்கும்.

அரைவட்டம்

போட்டி உலகத்திலும் காற்று மாறுகிறது, அதையும் சொல்லவேண்டும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுப் போட்டியில், சற்றுமுன் குலுக்கலில் கிடைத்த முன்பின் தெரியாத குதிரை தாண்ட மறுக்க, வீராங்கனை அழ, பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. கடைசியில் அந்த விளையாட்டிலிருந்து குதிரையையே எடுத்துவிட்டார்கள், 2024 பாரிஸ்தான் கடைசி. மூக்குப்பட்டை எவ்வளவு இறுக்கலாம் என்பதற்குச் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 முதல் அளவுகோல் வைத்தே பார்க்கிறது. வாயைத் திறக்க முடியாமல் இறுக்கிக் கட்டிவிட்டு "பாருங்கள் எவ்வளவு அமைதி" என்று சொல்கிற காலம் போய்க்கொண்டிருக்கிறது. மெதுவாகத்தான், ஆனால் போகிறது.

வேப்பநிழல்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ஊசிமருந்து சார், நீங்கள் சொன்னதுதான். வலது பக்கம் மேட்டுக்குக் கீழே விரல் வைத்ததும் தோல் துடித்தது, முதுகைக் குழித்தாள். சேணம் பொருத்துபவர் வந்து பார்த்தார், முன்பக்கம் அவளுக்குக் குறுகலாக இருக்கிறதாம், கிள்ளிப் பிடிக்கிறதாம். முன்பு மெலிந்திருந்தாள், என்னிடம் வந்து உடம்பு போட்டிருக்கிறாள், சேணம் மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. பத்து நாள் அவளை வட்டமாகச் சுற்றவிட்டேனே என்று நினைத்தால் இரவு தூக்கம் வரவில்லை.

வேறு சேணம் வரும்வரை சவாரி இல்லை, மருத்துவர் நாலு வாரம் ஓய்வு சொல்லியிருக்கிறார். அதுவரை தரையில் என்ன செய்யலாம்?

குளம்படி

நாலு வாரம் தாராளம். ஏறுவதைப் பற்றியே நினைக்காதீர்கள்.

முதலில் படியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், பழைய இடத்துக்குப் பழைய ஞாபகம் இருக்கும். பக்கத்தில் ஒரு பாய் போடுங்கள், நீலமோ மஞ்சளோ, சிவப்பு அவளுக்குச் சரியாகப் பிரிந்து தெரியாது. கயிறு இல்லாமல், கதவு திறந்திருக்க, பாயின் பக்கம் பார்த்தால் குறி, பரிசு. ஒரு கால் வைத்தால் குறி, பரிசு. நாலு நிமிஷம், அவ்வளவுதான், அவள் இன்னும் வேண்டும் என்று பார்க்கும்போதே நிறுத்திவிடுங்கள். போய்விட்டால் போகட்டும், துரத்தவேண்டாம். போக முடியும் என்று தெரிந்தால்தான் நிற்பதற்கு அர்த்தம்.

பாயில் நிற்பது பழகியபிறகு நீங்கள் படியில் ஒரு காலை வையுங்கள். அப்புறம் இரண்டு. அப்புறம் கையை அவள் முதுகுக்கு மேலே நீட்டுவது, முதுகில் லேசாகச் சாய்வது, அங்கவடியைத் தூக்கிக் கீழே போடுவது. ஒவ்வொன்றும் ஒரு பாடம், ஒரே நாளில் இரண்டு வேண்டாம். காது பின்னால் போனால், மெல்லுவது நின்றால், தீனியை வழக்கத்தைவிட வெடுக்கென்று பிடுங்கினால் ஒரு படி பின்னால் வாருங்கள். பதற்றம் முதலில் தெரிவது வாயில்தான்.

இன்னும் ஒன்று, இது கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தோன்றும். "நான் தயார்" என்று அவளே சொல்ல ஒரு சைகை கற்றுக்கொடுங்கள். நான் மரக்கட்டை ஒன்றில் தாடையை வைக்கச் சொல்லித்தருவேன். தாடை கட்டையில் இருந்தால் அடுத்ததைச் செய்வேன், எடுத்தால் கையை எடுத்துவிடுவேன். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கவேண்டாம். நார்வேயில் 23 குதிரைகளுக்குப் பலகையில் குறிகள் காட்டி, போர்வை போடு, எடு, இப்படியே இருக்கட்டும் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள், 2016ல் வெளியான ஆய்வு. இரண்டே வாரத்தில் 23ம் கற்றுக்கொண்டன, குளிருகிற நாளில் போடச் சொல்லின, வெயில் நாளில் எடுக்கச் சொல்லின.

பழைய லாயக்காரன்

குதிரையிடம் அனுமதி கேட்டு ஏறுகிற காலம் வந்துவிட்டது. சரி, நடக்கட்டும்.

அம்மா, நீ ஏறுகிற காணொளி பழையது ஏதாவது இருந்தால் போடு. எனக்கு ஒரு சந்தேகம்.

வேப்பநிழல்

போட்டிருக்கிறேன் ஐயா, சேணம் மாற்றுவதற்கு முன் எடுத்தது. முகத்தை மறைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

பழைய லாயக்காரன்

சந்தேகப்பட்டது சரிதான். 11வது நொடியில் நிறுத்திப் பார். அங்கவடியில் விட்ட காலின் நுனி அவள் விலாவில் குத்துகிறது. அதே கால் அதே இடத்தில் பட்டால் சவாரியில் என்ன அர்த்தம்? போ என்று அர்த்தம். நீ போகச் சொல்கிறாய், அவள் போகிறாள், பிறகு நீ ஏன் போனாய் என்று கேட்டு வட்டம் சுற்றவிடுகிறாய். பாவம் அது, சொன்னதைச் செய்ததற்குத் தண்டனை வாங்கியிருக்கிறது.

இடது லகானும் குட்டையாகப் பிடித்திருக்கிறாய், வாயையும் இழுக்கிறது. நீ எழும்புவதற்கு முன் மூச்சைப் பிடித்துத் தோளைத் தூக்குகிறாய், அவள் காது உடனே உன் பக்கம் திரும்புவதைப் பார்.

ஊசிமருந்து

ஐயா, பத்து முறை பார்த்தேன், எனக்குக் கண்ணில் படவில்லை. பெர்லினில் நூறு வருஷத்துக்கு முன்னால் கணக்குப் போடும் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்ததே. கூட்டல், கழித்தல் விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். 1907ல் ஃபங்ஸ்ட் என்பவர் சோதித்துப் பார்த்தால், கேட்பவரின் தலை மயிரிழை அளவு அசைவதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது, கேட்பவருக்கே தெரியாமல். ஹான்ஸுக்குக் கணக்கே தெரியாது என்று ஒதுக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால் கணக்கைவிட அதுதான் பெரிய திறமை.

வேப்பநிழல்

லாயக்காரர் ஐயா, படித்துவிட்டு லாயத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை பேர் என்னைப் பார்த்திருக்கிறார்கள், நேரில் வந்து சொல்லிக்கொடுத்தவர்கூட அவளைத்தான் பார்த்தார், என் காலைப் பார்க்கவில்லை.

புதுச்சவாரி

என் பக்கத்துச் செய்தி: வேலிக்கு வெளியே நின்று ஒன்பது நாள். இடிப்பது நின்றுவிட்டது. இப்போது நான் போனாலே தலையை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறான், யாரோ கோபித்துக்கொண்ட மாதிரி. நேரே பார்ப்பது எப்படி என்று இனிக் கற்றுக்கொடுக்கவேண்டும் போலிருக்கிறது.

குளம்படி

ஓரப்பக்கத் திருப்பத்துக்கே எப்போதும் கொடுத்திருப்பீர்கள். தலை நேராக வருகிற நொடிக்கு மட்டும் கொடுங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும். நாம் எதற்குக் கொடுக்கிறோமோ அதையே அவர்கள் நமக்குத் திருப்பித் தருகிறார்கள், பல நேரம் நாம் கேட்காததையும் சேர்த்து.

வேப்பநிழல்

ஏழு வாரம் ஆகிவிட்டது. சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

முதல் வாரம் பாய்க்கே வரவில்லை. மூன்றாவது வாரம் கயிறு இல்லாமல் களத்தின் அந்தப் பக்கத்திலிருந்து தானாகப் பாய்க்கு வந்து நின்றாள், நான் அன்றைக்கு ஒன்றும் செய்யாமல் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். புதுச் சேணம் ஐந்தாவது வாரம் வந்தது. நான் இந்த நேரத்தில் ஒரு மரப்பீப்பாய்மேல் சேணத்தைக் கட்டி, கால் நுனியை முன்பக்கம் திருப்பி ஏறப் பழகினேன். குதிரையைவிட எனக்குத்தான் அதிகப் பாடம் தேவைப்பட்டது. எழும்பும்போது மூச்சை வெளியே விடுகிறேன், லகானைத் தளர்த்திப் பிடரி மயிரோடு சேர்த்துப் பிடிக்கிறேன்.

போன செவ்வாய் ஏறினேன். தாடை கட்டையில் இருந்தது, ஏறி உட்கார்ந்து, குறி கொடுத்து, குனிந்து நீட்டினேன், கழுத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அஞ்சு நிமிஷம் அப்படியே நின்றோம். நடக்கவே இல்லை, இறங்கிவிட்டேன். நேற்று நல்ல காற்று, தகரக் கூரை அடித்துக்கொண்டிருந்தது, கட்டைக்கு வந்தாள், தாடையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள், எடுத்துவிட்டாள். சரி என்று சேணத்தைக் கழற்றி, தேய்த்துவிட்டு, மேய விட்டுவிட்டேன். பழக்குபவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

அரைவட்டம்

காற்றில் ஏறாமல் விட்டது சரி. ஆனால் போட்டி நாளில் காற்றடித்தால் என்ன செய்வேன் என்றுதான் எனக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

குளம்படி

போட்டிக்கு ஆறு மாதம் முன்னால் தகரத்தைத் தட்டிப் பழக்குங்கள். அன்றைக்கு மட்டும் கேட்டால் எந்த முறையிலும் பதில் இல்லை.

பழைய லாயக்காரன்

நல்ல செய்தி அம்மா.

யாரும் சிரிக்கக்கூடாது, நானும் போன வாரம் இதைச் செய்துபார்த்தேன். என்னிடம் இருபது வயது கடந்த கிழடு ஒன்று இருக்கிறது. கருவி எல்லாம் எதற்கு என்று நாக்கால் சொடக்குப் போட்டுக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். அமைதியாக நின்றான், நானும் சொடக்குப் போட்டேன், அவன் என்னை விட்டுவிட்டுத் துள்ளோட்டமாகக் களத்தைச் சுற்றப் போய்விட்டான். மூன்று தடவையும் அதே கதை.

குளம்படி

ஐயா, வாழ்நாள் முழுக்க அவனுக்கு நாக்குச் சொடக்கு என்றால் ஓடு என்றுதானே சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்?

பழைய லாயக்காரன்

ஆமாம் தம்பி. மூன்றாவது சுற்றில்தான் எனக்கே உறைத்தது. அந்தக் கிளிக்கர் என்பது எங்கே கிடைக்கும்?